கீழே சுவர் இல்லாத சுவர்

மார்ச் 3, திங்கள்

மைனஸ் ஒன்பது. காற்று. டோர்செட் பார்க் வீட்டிலிருந்து ஏழரைக்கே வேலை இடத்தில்.

புது வேலை. பள்ளத்தாக்கு விளிம்பில் ஒரு பழைய வில்லா. நூற்று எழுபது வயதாம். கட்டினவன் இங்கிலாந்துக்காரன். அங்கே பணக்காரர் நோய் வருத்தம் மாற ஊற்றுத் தண்ணீர் குடிக்கப் போகிற ஊர் ஒன்று இருக்கிறதாம், அங்கே பார்த்த வீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான். வெள்ளைப் பூச்சு. வயிறு தள்ளின முன்சுவர். கூடாரக் கூரை போட்ட இரும்பு பல்கனி. ரொறன்ரோக் குளிருக்கு இப்படி ஒரு வீடு. விசரன்.

முதலாளி பாலா, மார்க்கம் ஊர்க்காரர். முன்சுவரும் கீழ் ஹோலும் (பெரிய கூடம்) நிற்கவேண்டும், மற்றதெல்லாம் உடைக்கவேண்டும், பின்னால் கொண்டோ அடுக்குமாடி வரும். உடைக்கிறது நாங்கள். நான், ரெஜி (என் மனைவி மெற்றில்டாவின் தம்பி), இன்னும் இரண்டு பேர்.

இன்று போனவை: சமையலறை, பளிங்குக் கணப்பு இரண்டு, பின்மாடிப்படி. படியின் கைப்பிடி ஒரே மரத்தில் வளைத்தது. சம்மட்டியால் மூன்று அடியில் போய்விட்டது. இருபத்திரண்டு வருடமாக உடைக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அலவாங்குக் கம்பியை விட்டு இழுத்தால் சுவர் கத்திக்கொண்டு வரும். வீட்டில் நான் கத்தாமல் இருக்கிறதுக்கு அதுதான் காரணம் என்று மெற்றில்டா சொல்வாள்.

வீட்டை அளந்து படம் கீறுகிற நிரோ வந்தாள். முப்பத்தைந்து இருக்கும், இங்கே வளர்ந்த பிள்ளை.

"அண்ணை, மேல்மாடி நடுச்சுவரைத் தொடாதேங்கோ. எஞ்சினியர் வெள்ளிக்கிழமை வாறார். ஐ'ம் சீரியஸ்."

"கீழை முப்பதடி ஹோல். ஒரு தூண் இல்லை. பிறகு மேல் சுவர் எதைத் தாங்குது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. விளங்கும் மட்டும் விடுங்கோ."

விளங்காத ஆள் எனக்குப் படிப்பிக்க வந்திட்டா.

மார்ச் 4, செவ்வாய்

மழை. முழங்கால் வலி.

நடுச்சுவரில் சம்மட்டியால் தலையளவு ஓட்டை போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு கட்டை சரிவாகப் போகிறது, என் தொடை அளவு தடிப்பு. பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி தளத்துக்குள் இறங்குகிறது. அந்தக் காலத்தில் மரம் மலிவு, கண்டபடி போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கணக்கு லேசு. கீழே சுவர் இருந்தால் மேல் சுவரைத் தொடாதே. கீழே சுவர் இல்லையா, அடி. ஸ்காபரோவில் எத்தனை வீடு, ஒருநாளும் கணக்குப் பிழைத்ததில்லை.

ரெஜி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். "அத்தான், உது சும்மா போட்ட கட்டை மாதிரித் தெரியேல்லை. நிரோவுக்கு ஒரு படம் அனுப்புவமே?"

"உன்ரை வேலையைப் பார்."

பாலா ஃபோன். "செபஸ்ரி, அந்தச் சுவர் நாளைக்குப் போகவேணும். எஞ்சினியர் வந்து நிப்பாட்டினா மூண்டு மாதம் இழுக்கும்." போகும் என்றேன்.

வாங்க: வாள் பிளேட் 6, மீன் (நாளை விபூதிப் புதன்), மெற்றில்டாவின் காருக்கு வைப்பர்.

மார்ச் 5, புதன்

பின்னேரம் நான்கு. ஆஸ்பத்திரிக் கொரிடோர். எழுத்து கோணல்.

நடுச்சுவரை வெட்டிக்கொண்டிருந்தேன். சரிந்த கட்டைகளில் இரண்டாவது. பாதியில் மரம் வாளைக் கவ்விப் பிடித்தது. இழுத்தேன், வரவில்லை. பிறகு வெடிச்சத்தம். சண்டைக்காலத்து ஷெல் என்று குந்திவிட்டேன், இந்த ஊரில், ஐம்பத்திரண்டு வயதில். குந்தின இடம் கீழே போனது. கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினேன். படுக்கையறை முழுதும் ஹோலுக்குள் இறங்கிவிட்டது.

ரெஜி கீழே. இடுப்பு வரை மரமும் பிளாஸ்ரரும். வலது காலில் எலும்பு வெளியே. கத்தவில்லை. "அத்தான், உங்களுக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டான்.

எப்படி இறங்கினேனோ, கையால் கிளறினேன். இரண்டு நகம் போய்விட்டது. அவன் நெற்றியில் காலையில் பூசின விபூதி, அதற்கு மேல் வெள்ளைத் தூள்.

அவன் ஏன் கீழே நின்றான் என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

பனி. காலை ஆறு மணிக்கு ரெஜியின் வலது காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே.

மெற்றில்டா அழவில்லை. "அவன் ஏனப்பா கீழை நிண்டவன்?" தெரியாது என்றேன். மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் தெரியாது.

லேபர் இன்ஸ்பெக்டர் வில்லாவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டாராம். திங்கள் ஒன்பது மணிக்கு என் வாக்குமூலம்.

நிரோ ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. "கீழை தூண் இல்லாத ஹோல் வேணும் எண்டு அந்த மனிசன் மேல் சுவரையே பாலமாக் கட்டியிருக்கிறான், அண்ணை. சரிஞ்ச கட்டையள்தான் பாலம். இரும்புக் கம்பியிலை தளம் தொங்குது."

கீழே சுவர் இல்லாதபடியால்தான் மேல் சுவர் அவ்வளவையும் சுமந்தது. என் கணக்கு தலைகீழ்.

"ஓட்டை ஏதும் போட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் போன பிறகு கொரிடோர்க் கதிரையை உதைத்தேன். கால் உடைந்தது, கதிரைக்கு.

மார்ச் 7, வெள்ளி

பாலா ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காத்து நின்றார். கையில் பழக்கூடை.

"செபஸ்ரி, ஆறுதலா யோசியும். ரெஜி சொல்வழி கேளாமல் கீழை போனவன் எண்டு நீர் சொன்னா, உமக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் இல்லை. போன கால் திரும்பி வரப்போறேல்லைத்தானே."

வாயில் குத்தினேன். கூடை உருண்டது. திரும்பவும் குத்தினேன். தலை கார்க் கதவில் மோதியது. பல் ஒன்று பனியில் கிடந்தது, தோடம்பழங்களுக்கு நடுவில். கொலரைப் பிடித்து நிமிர்த்தி இன்னும் ஒன்று கொடுத்தேன். செக்யூரிட்டிகள் இரண்டு பேர் வந்துதான் பிரித்தார்கள். பொலிஸ் வந்தால் வில்லாக் கதையும் வரும், வேண்டாம் என்று பாலாவே கை காட்டினார். நல்லாக இருந்தது. யாரும் பார்க்காத கொப்பிதானே, எழுதுகிறேன். நல்லாக இருந்தது.

லிஃப்டில் ஏறும்போதுதான் உறைத்தது. அவர் சொல்லச் சொன்ன பொய்யின் பாதியை நான் புதன்கிழமையே எழுதி வைத்திருக்கிறேன். ஒருவரும் கேட்காமல்.

ரெஜி விழித்திருந்தான். உதடு வெடித்துப்போய். "அத்தான், நானாத்தான் கீழை போனனான் எண்டு சொல்லுறன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

ஓம் என்றுவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து ஓம் என்றேன்.

மார்ச் 8, சனி

காலை. பனி கொட்டுகிறது.

புதன்கிழமை எழுதின கடைசி வரி பொய். திருத்துகிறேன்.

அன்று ரெஜி கோயிலில் விபூதி பூசிக்கொண்டு அரை மணி பிந்தி வந்தான். நான் வாளைக் கையில் எடுத்தபோது சுவருக்கு முன்னால் வந்து நின்றான். "அத்தான், எஞ்சினியர் வரும் மட்டும் விடுவம்." மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் எனக்குப் பத்தியது. பயந்தாங்கொள்ளி என்றேன். சட்டையைப் பிடித்து முன்படிப் பக்கம் தள்ளினேன். "கீழை போய்க் குப்பை கூட்டு. உனக்கு உதுதான் சரி."

போனான். கீழே தும்புத்தடிச் சத்தம் கேட்டது. அது கேட்கக் கேட்கத்தான் வெட்டினேன்.

பகல் ஒரு மணி.

மெற்றில்டா சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொப்பியைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள். செவ்வாய். புதன். கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுத் திரும்பவும் செவ்வாய்க்குப் போனாள். கத்தி பலகையில் இருந்தது. என்னை அடியடி என்றேன். அவள் அடிக்கவில்லை.

"திங்கட்கிழமை இதைக் கொண்டுபோய் அந்த இன்ஸ்பெக்டரிட்டைக் குடுங்கோ."

"ரெஜிக்கு ஓம் எண்டு சொல்லிட்டன்."

"அதை நான் அவனோடை கதைக்கிறன்."

கொப்பியை மீன் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். கோட்டைப் போட்டாள். நானும் சப்பாத்தை எடுத்தேன்.

"நீங்கள் வரவேண்டாம்."

ஜன்னலால் பார்த்தேன். காரின் வைப்பரை நான் இன்னும் மாற்றவில்லை. கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு ஏறினாள். தெரு முடக்கில் காரை நிறுத்தி இறங்கி, திரும்பவும் துடைத்தாள்.