எரிக்காத கொப்பி

அன்புள்ள பூரணி அக்காவுக்கு, நோட்டன் பிரிட்ஜ் பங்களாக் காவல்காரன், உன் தம்பி செல்லசாமி கும்பிட்டு எழுதுவது. நான் கல்லுப்போல் இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி? போன் எடுத்தால் வெட்டிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

"நெருப்புல போட்டுரு தம்பி" என்று பஸ்ஸில் கொடுத்தனுப்பினாயே, உன் இருபது வயது மகள் சுலக்ஷனா எழுதிய கதைக் கொப்பி, அதைப் படித்தேன். தலைவலிதான் மிச்சம். பாழடைந்த பங்களாவில், செத்துப்போன வெள்ளைக்காரத் துரைமகள் ஆவியாக வந்து தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணைக் காதலிக்கிறாளாம். அதுவும் முன்கதவால் வருகிறாளாம்! நாற்பது பேய்களை நேரில் விரட்டியவன் நான், ஒன்றாவது முன்கதவால் வந்ததுண்டா? போதாக்குறைக்கு, மீசைக்காரக் காவல்காரன் ஒருவன் அவளைக் கண்டு மயங்கி விழுகிறான். அது யாரென்று உங்கள் ராகலை ஊருக்கே தெரியும்.

அந்தக் கொழுந்துப் பெண்ணுக்கு, சுலக்ஷனாவின் சிநேகிதி மதுராவின் கன்னக்குழி இருப்பதும் எனக்குத் தெரிகிறது, அக்கா. அதற்காகத்தானே மதுராவை வாசலோடு விரட்டினாய்? சுலக்ஷனா சோறு தின்னாமல் கிடக்கிறாள் என்று மதுராதான் என்னிடம் போனில் அழுதாள்.

துரைமகள் கை நீட்டிய இடத்தில் கதை நிற்கிறது. நான் வாசித்துக் காட்டியதிலிருந்து இங்கே சமையல்கார லக்ஸ்மன் தினமும், "அண்ணே, அந்தப் புள்ள கையப் புடிச்சாளா இல்லையா?" என்று உயிரை வாங்குகிறான்.

கொப்பி அரிசி டின்னில் பத்திரம். எரிக்கமாட்டேன். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே அனுப்பு, இங்கிருந்து முடிவை எழுதட்டும். அவர்களிடம் கம்பளிக் காலுறையும் கோடாலித் தைலமும் கொடுத்துவிடு. லக்ஸ்மனும் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறான், பிறகு பங்களாவில் நான் ஒருத்தன்தான். உனக்கு மட்டும் சொல்கிறேன், இங்கே ஒரு பேய்கூட வந்ததில்லை.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

தம்பி செல்லசாமி