நானாவின் மீன்தொட்டியில் கீறல்

பெப். 8, ஞாயிறு

வாடைக்காற்று. முற்றம் கூட்டி முடிக்குமுன் மறுபடி மணல். நோன்பு வருமுன் வீடு கழுவும் வேலை இன்று தொடக்கம். முடித்தவை: திரைச்சீலைகள், அலுமாரி மேல்தட்டு, குசினிச் சுவர், மின்விசிறி இரண்டு.

கடைசியாக, கூடப்பிறந்த மூத்தவர் நானாவின் மீன்தொட்டி. வெளிப்பக்கமெல்லாம் உப்புப் படிந்து மங்கல். சட்டி தேய்த்த கையோடு அதே தேங்காய்த் தும்பும் சாம்பலும் எடுத்து முன்பக்கத்தை அழுத்தித் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் பூனை பிறாண்டியது போல முழுக்கக் கீறல்.

"இது கண்ணாடியில்ல தங்கச்சி, அக்ரிலிக். மெல்லிய துணியாலதான் துடைக்கணும்" என்று நானா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது நினைவு வருகிறது. புத்தி கெட்டவள் நான்.

இவர் (வீட்டுக்காரர்) வந்து பார்த்தார். சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெப். 9, திங்கள்

சோறு இறங்கவில்லை. தொட்டி போனால் போகட்டும், நானா போகக்கூடாது. வேலித் தகராறில் இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. அவருக்குப் பக்கத்து வளவு, நடுவில் ஒரு வேலிதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், ஸலாம் மட்டும் இல்லை. போன மாதம் மக்காவுக்கு உம்ரா போகுமுன், எல்லாரிடமும் பழைய பிழைக்கு மாப்புக் கேட்கும் வழக்கப்படி என் வாசலுக்கும் வந்தார். இருவரும் அழுதோம். மறுநாள் இந்தத் தொட்டியைத் தூக்கிவந்து என் வீட்டில் வைத்தார். கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. சொந்த மகளையே தொட விடமாட்டார். வியாழன் திரும்பி வருகிறார்.

மறுபக்கத்து வீட்டு ஹாஜரா: "பற்பசை பூசித் தேயுங்க ராத்தா. என்ட போன் அப்படித்தான் சரியாப்போச்சு."

பூசினேன். வீடெல்லாம் புதினா வாசம். கீறல் அப்படியே.

இவர்: "படகுக்குச் செய்யிறதத்தான் இதுக்கும் செய்யணும். நாளைக்குக் காட்டுறன், அழாதீங்க." ஃபைபர் படகு திருத்துவதுதான் இவர் தொழில். இத்தனை வருடமாக அந்தச் சாமான் பெட்டியை வாசலில் வைக்காதீங்க என்று திட்டியவள் நான்.

பெப். 10, செவ்வாய்

தேவை:
சாண்ட்பேப்பர் 1000, 1500, 2000, 3000 (எண் கூடக்கூட மென்மையாம்)
படகுக்கு மினுக்கம் கொடுக்கும் பசை
பழைய பனியன் துணி
வாளித் தண்ணீர்
பொறுமை (கடையில் இல்லை)

தூள் உள்ளே விழாமல் தொட்டியின் மேலே ஈரத் துணி. மீன் மூச்சுவிடப் பின்னால் கொஞ்சம் திறப்பு.

இவர்: "காயவிடாதீங்க, தண்ணியோட தேய்க்கணும். கீறின இடத்த மட்டும் தேய்ச்சா குழி விழும். முழுப் பக்கமும் தேயுங்க."

1000 குறுக்கே. 1500 நெடுக்கே, முந்தின கோடு மறையும்வரை. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கழுவ வேண்டும். ஒரு மணல் சிக்கினாலும் பட்ட பாடு வீண். இந்த ஊரில் மணலுக்கு எங்கே தடை? யன்னலெல்லாம் பூட்டி, வியர்வையில் குளித்தோம்.

பி.ப. 5. முன்பக்கம் முழுக்க வெள்ளைவெளேர். மீனே தெரியவில்லை. இருந்ததும் போச்சு. பொரிந்து தள்ளினேன். "பொறுங்க, இன்னும் வேலை முடியல்ல" என்று ஆற அமரப் பிளேன்டீ குடிக்கிறார்.

பெப். 11, புதன்

2000, 3000 முடிந்தது. தோள் வலி. பிறகு பசை. சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அளவு இடம் தெளிந்தது. தங்கமீன் ஒன்று அங்கே வந்து வாயைத் திறந்து மூடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லுமுன் முழுப் பக்கமும் தெளிவு. ஒரு கோடில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

"நானாக்குச் சொல்லாம விடுவமா?"

"உங்கட நானா, உங்கட நாக்கு." இவர் பதில் எப்போதும் இப்படித்தான்.

சொல்லப்போவதில்லை. முடிவு. இரவுக்குப் பேக்கரிப் பாணும் கணவாய்க் கறியும். இரண்டு நாள் பசி, வெளுத்து வாங்கினேன்.

பெப். 12, வியாழன்

காற்று அடங்கியது. காலை பத்துக்கு நானாவும் மதினியும் வந்தார்கள். ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம், எனக்கொரு அபாயா (நீளம் கூட, வெட்டித் தைக்க வேண்டும்). மதினி களைப்பென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நானா தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீன்களை எண்ணினார். நான்கும் இருந்தன. முன்பக்கம் பார்த்தார். எழுந்து பக்கவாட்டில் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இந்தப் பக்கம் மட்டும் என்ன புதுசு மாதிரி?"

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. மற்ற மூன்று பக்கமும் வருடக்கணக்கான மங்கல். முன்பக்கம் மட்டும் நேற்று வாங்கியது போல. அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. இவர் மெல்ல எழுந்து கிணற்றடிக்குப் போனார். நல்ல துணை.

சொன்னேன். தும்பு, சாம்பல், பற்பசை, சாண்ட்பேப்பர் எல்லாம் ஒரே மூச்சில். நானா விரலால் முன்பக்கத்தைத் தடவினார். பழையபடி பேச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

"தும்பாலயா?"

"ஓம் நானா."

"சட்டி தேய்க்கிற தும்பால?"

"ஓம்."

சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். நிலத்தில் சப்பணமிட்டு அமர்ந்தார். "அந்தப் பேப்பரெல்லாம் எடுத்துக்கொண்டு வா. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

இரண்டும் சின்னப் பக்கம், கீறலும் இல்லை; அஸர்வரை தேய்த்தோம். மதினி இரண்டு தரம் கூப்பிட்டும் நானா எழவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பின்பக்கம் நாளைக்கு."