புருஷன் பேர்

1946 மே 14

விடிந்ததும் முதல் வேலையாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் கணவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. சென்னையில் பி.ஏ. படித்தவள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் வாய் வரவில்லை.

அடுத்த மாதம் தேர்தல். பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறோம். மேசையில் இருப்பவர் நம் பெயரையும் புருஷன் பெயரையும் கேட்பார். சொன்னால்தான் ஓட்டு. இங்கே எவள் சொல்வாள்?

மே 26

காசம்மாள் வீட்டு வாசலில் கூடிப் பழகினோம். ஒருத்திக்கும் வரவில்லை.

"ஒரு பக்கம் பாம்பு, இன்னொரு பக்கம் கடல்ல எடுக்கிறது. போதுமாக்கா?" என்றாள் காசம்மாள். அவள் புருஷன் நாகமுத்து.

"எனக்குக் கோவம் வந்தா வரும்" என்றாள் இன்னொருத்தி.

"அப்போ தேர்தலன்னிக்கு ஒம் புருஷன வந்து நாலு வைய சொல்லுடி."

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மே 27

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு, "மேசையில நான்தானே உக்காரப் போறேன். நீ பக்கத்துல நின்னு ஒவ்வொருத்தி புருஷன் பேரையும் சொல்லிடு. முடிஞ்சிது" என்றார்.

மேயரின் கட்சிக்காரர் என்றாலும் அண்ணன் அண்ணன்தான். இனிப் பழக வேண்டாம் என்று காசம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 23



பள்ளிக்கூடத்தில் ஓட்டு. காசம்மாள் கல்யாணப் புடவையில் வந்திருந்தாள். நான் முதலில் போனேன். அண்ணன் தலை நிமிராமல், "புருஷன் பேரு?" என்றார். யாரோ ஒருத்தியைக் கேட்பது போல.

சொன்னேன். கலியபெருமாள். வந்துவிட்டது. ஓட்டுச் சீட்டு வைத்த உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு மேசைப் பக்கத்தில் நின்றேன்.

"போட்டவங்க வெளியே போகணும்."

"அண்ணா, நீங்கதானே—"

"சட்டம், லட்சுமி."

சிப்பாய் கதவைக் காட்டினான். ஜன்னல் வழியாக "நாகமுத்து" என்று கத்தினேன். வெளியிலிருந்து வரும் பேச்சு செல்லாதாம்.

காசம்மாள் நின்றாள், நின்றாள். "பாம்புன்னு சொன்னா ஒத்துக்க மாட்டியா சாமி?" என்று கேட்டிருக்கிறாள். வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. ஒவ்வொருத்தியாகத் தலை குனிந்து வெளியே வந்தார்கள். ஓட்டுப் போட்டவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 25

குளத்தடியில் காசம்மாள். என்னைப் பார்க்காமல், புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "நாங்க வாய தொறக்க மாட்டோம்னு ஒங்க அண்ணனுக்கு எப்பிடிக்கா தெரியும்?"



ஜூன் 30

மேயர் வீட்டம்மாள் வந்திருந்தாள். அண்ணியிடம், "ஒங்க ஓட்டும் நம்மளுக்குத்தான் உழுந்திச்சாம்" என்று மெச்சிவிட்டுப் போனாள். அண்ணி விழித்தாள். "நான் அன்னிக்கு வூட்ட வுட்டு நவுரலியேடி."

மத்தியானம் அண்ணனைக் கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை.

"பேசத் தெரியாத பொம்பளைங்க ஓட்டு வீணாத்தானே போவும்? நம்ம ஆளுங்க போட்டாங்க."

"காசம்மாளுதும்?"

"மோர்ல உப்பு கம்மி" என்றார்.

என் வாயிலிருந்து பிடுங்கியதை வைத்தே அத்தனை பேர் வாயையும் அடைத்திருக்கிறார். சிரித்தாரே அன்றைக்கு, அப்போதே தீர்மானித்துவிட்டாரா? அது தெரிந்துதான் எனக்கு என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 3

நேற்று தில்லியில் நம்மவர்கள் இடைக்கால அரசாங்கம் அமைத்துவிட்டார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வேட்டுச் சத்தம். அண்ணன் பத்திரிகையை உரக்கப் படித்தார். ஜனநாயகம் என்ற சொல் வந்ததும் எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 9

காசம்மாள் இன்னும் பேசவில்லை.

டிசம்பர் 1

இரண்டு வாரத்தில் பிரதிநிதி சபைத் தேர்தல். காசம்மாள் தானே வந்து கொல்லைக் கதவைத் தட்டினாள்.

"இந்த வாட்டி பழகியே ஆவணும். ஆனா ஒங்க அண்ணங்கிட்ட மூச்சு வுடக் கூடாது."

அந்த வார்த்தைக்கு நான் தகுதியானவள்தான். தலையாட்டினேன்.

டிசம்பர் 11

காசம்மாள் இன்று நாகமுத்து என்று கூவினாள். அவனே வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து "இன்னாடி?" என்று ஓடி வந்தான்.

மாலையில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அண்ணி திடீரென்று "சிவ" என்றாள். நிறுத்தி, வாசல் பக்கம் பார்த்தாள்.

"மிச்சம் 'பிரகாசம்' நாளிக்கி. இல்ல, அதையும் சொல்லிட்டனா?" வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிசம்பர் 13

அண்ணன் இல்லாத நேரம் பார்த்து எதிர்க்கட்சி மணவாளன் வந்தார். மேசையில் அவர்கள் சார்பாக ஒருவர் உட்காரலாமாம்.

"பேரு கேக்கறது ஒங்க வேலையா இருக்கட்டும்மா. ஒங்க அண்ணனுக்கு நேர் எதிர்ல உக்காரணும். வர்றதா இருந்தா தேர்தலன்னிக்குக் காலையில நேரா வந்துடுங்க. முன்னாடியே தெரிஞ்சா தடுத்துடுவாங்க."

யோசிக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 14

மாலை. அண்ணன் கூடத்தில் ஆட்களோடு நாளைய ஓட்டுகளைப் பற்றிப் பேசுகிறார். என்னைக் கூப்பிட்டுக் காப்பி கேட்டார். கொடுத்தேன்.

நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அண்ணிக்கும் தெரியாது, காசம்மாளுக்கும் தெரியாது.

அண்ணி வரிசையில் வருவாள். அவர் எதிரிலேயே, "புருஷன் பேரு?" என்று நான்தான் கேட்பேன்.