செல்வியின் கையெழுத்து

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் காற்று இல்லை. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ். மருத்துவமனையின் நெறிமுறை ஆலோசனைக் குழுக் கூட்டம் 11 மணிக்கு; தொடங்கியது 11.35. ஐந்து பேரில் டாக்டரோ வக்கீலோ அல்லாதவள் நான் ஒருத்திதான்.

இருபத்து நாலு வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. 610 கிராம். ஒன்பது நாளாக வென்டிலேட்டர். மூளையில் இரண்டு பக்கமும் ரத்தக்கசிவு. சுவாசக் குழாயை எடுத்துவிடலாமா என்பது கேள்வி. எடுக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். தகப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டான். செய்யூர்க்காரன், சவுக்குக் கட்டை லாரி ஓட்டுகிறவன்.

படிவத்தில் இரண்டு எழுத்துப் பிழை, திருத்தினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கோப்பு முழுக்க 'செல்வியின் குழந்தை'. அந்தச் செல்வியின் கையெழுத்து மட்டும் எங்கும் இல்லை.

மாடி வார்டில் இருக்கிறாளாம். பிரசவத்தில் வலிப்பு வந்ததால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தை தேறிவருவதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். தகப்பன் போட்டதே போதும் என்றார் வக்கீல். தாயைக் கேட்காமல் நான் சம்மதிக்க முடியாது என்றேன். ஒத்திவைத்தார்கள்.

வெளியே தகப்பன் நின்றிருந்தான். "அந்தப் பாவம் என்னோட போவட்டும்னுதான் மேடம் போட்டேன்."

வீட்டுக்கு வந்து ரசம் மட்டும். வெளியே பேசக் கூடாத விஷயம். பேச ஆளும் இல்லை. அவர் போய் நாலு வருஷம்.

ஜூலை 9, புதன்

கீரைக்காரி வரவில்லை. வாங்க: ரவை, வாசல் பல்பு, பிரஷர் மாத்திரை.

நான் செய்தது சரிதான். மறுபடி யோசித்தேன். சரிதான்.

ஜூலை 10, வியாழன்

டாக்டர் செல்வியிடம் சொல்லும்போது நானும் இருந்தேன். இருபத்திரண்டு வயது. அழவில்லை. படிவத்தை நீட்டியதும், தாயையும் கேட்கவேண்டும் என்றது இந்த அம்மாதான் என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பினாள்.

"அவருதான் போட்டுட்டாரே. என்ன ஏம்மா கேக்கச் சொன்னீங்க? இப்ப நான் போட்டா, நானே அனுப்பிவெச்சா மாதிரி ஆவும்."

அது உன் உரிமை என்று பதில் வைத்திருந்தேன். அதற்குள் அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா பாப்பாவ?"

இல்லை. கோப்பைத்தான் பார்த்திருந்தேன், மூன்று தடவை.

சக்கர நாற்காலியில் அவளைக் கீழே குழந்தை இருந்த வார்டுக்குக் கூட்டிப்போனார்கள். கூடவே போனேன். குழந்தை ஒன்றரைச் சாண் நீளம், அவ்வளவுதான். தோலுக்குள் ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. செல்வி ஒரு விரலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டி வைத்திருந்தாள். ரொம்ப நேரம். பிறகு கையெழுத்துப் போட்டாள், கணவனுடையதற்குக் கீழே. ஒழுங்கான எழுத்து.

நாளை காலை பத்து மணிக்கு. குழாயை எடுத்ததும் அவள் மார்பில் கொடுப்பார்கள்.

கிளம்பும்போது, "நாளைக்கு வருவீங்களாம்மா?" என்றாள். அதெல்லாம் குழுவின் வேலையில் சேராது என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

தூறல்.

பதினொன்றே காலுக்கு டாக்டரிடமிருந்து போன். நாற்பது நிமிஷம் உயிர் இருந்ததாம், தாயின் மார்பிலேயே. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்தார்களாம். தகப்பன் பக்கத்தில் நின்றானாம். கேட்கச் சொன்ன அம்மா வந்தாங்களா என்று செல்வி இரண்டு தடவை கேட்டாளாம்.

காலையில் புடவைகூட மாற்றியிருந்தேன். எட்டே முக்கால் பஸ் போகும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.