எருமையை விரட்டிய அக்காவுக்கு

புனே தேகு ரோட்டின் பேரரசியே, என் ஆசை அக்கா,

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இங்கே ஒரு சதி நடக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் மகள் ரேணுவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்ட அத்தானின் ஃபாக்டரிச் சம்பளம் போதாது. உதவித்தொகை கிடைத்தால்தான் சேர முடியும். பலவிதமான பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கென்றே தருகிறார்களாம். அதற்கு, எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறாய் என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு குடைந்ததில்லை. எனக்கு அப்போதே சந்தேகம். இந்த ஊரில் வித்தியாசமாகத் தெரியாமல் இருக்கத்தானே இத்தனை காலம் பாடுபட்டோம்? இப்போது வித்தியாசத்துக்குப் பணம் என்றால் நம்பலாமா?

சரி, கேட்பவர்கள் திணறும்படி கொடுப்போம் என்று ரேணுவிடம் நானே சொல்ல ஆரம்பித்தேன். தாத்தா வேலூரிலிருந்து பீரங்கியைத் தோளில் சுமந்து நடந்தே புனே வந்தது. கட்கி பஜாரில் வெறிபிடித்த எருமையை நீ ஒரே முறைப்பில் மும்பை வரை ஓடவிட்டது.

"அரே மாமா, விடு! அந்த எருமை சும்மா படுத்துனு இருந்திச்சுன்னு அம்மாவே சொல்லிருக்கு."

"பயத்துல படுத்துது, கண்ணு."

"நானே எழுதிக்கிறேன். நீ சும்மா இரு."

ஆங்கிலத்தில் எழுதியதைத் தன் தட்டுத்தடுமாறும் தமிழில் எனக்குச் சொன்னாள். வீட்டுக்குள் நீ அவளுக்கு அம்மா; வாசலில் செருப்பு மாட்டியதும், மராட்டிப் பிள்ளைகள் கூப்பிடுவது போல, ஆயி. நீ பழக்கியதுதான். உன் சாமர்த்தியம் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ரேணு எழுதியிருப்பது வேறு. சின்னவளாக இருந்தபோது பஸ்ஸில் அவள் அம்மா என்று கத்த, நாலு பேர் திரும்பிப் பார்க்க, அவளைப் பிடித்திருந்த உன் கை நடுங்கியதாம். அன்றிலிருந்துதான் ஆயியாம். "எங்க அம்மா பயந்துச்சு" என்று முடித்திருக்கிறாள்.

அக்கா, நிஜமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? அதையும் எருமைக் கதையாக்கிவிடுவேன் என்றா?

திங்கட்கிழமை நேர்காணல். வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வர வேண்டும், அவரிடமும் கேட்பார்களாம். அத்தானுக்கு ஷிஃப்ட். மிச்சம் நான். புனேவின் மகா புளுகன், சாட்சிக் கூண்டில்! "மாமா, ப்ளீஸ், கூட்டிச் சொல்லாத" என்று ரேணு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்களை நான் இன்னும் நம்பவில்லை. உன் பயத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பார்களோ. ஆனாலும் வாக்குத் தருகிறேன். உங்க அக்கா பயந்தாங்களா என்று கேட்டால், ஆமாம் என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

திரும்பி வரும்போது, பஸ்ஸில், எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில், எருமைக் கதையை அவளுக்கு முதலிலிருந்து சொல்வேன். இந்த முறை எருமைகள் நூறு.

உன் முறைப்புக்கு மட்டுமே பயந்த தம்பி,
கோபால்