அம்மாவின் ரேடியோக்கள் வீட்டைக் காலி செய்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது. உன் அம்மாவுக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது, நாக்கு உட்பட. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

போன தடவை நீங்கள் வந்தபோது மூலை அறையில் அம்மா சேர்த்து வைத்த பழைய ரேடியோக்களால் கால் வைக்க இடமில்லாமல் ஹோட்டலில் தங்கினீர்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. பெற்ற மகளுக்கு வீட்டில் இடமில்லை, பாடாத டேப்ரிக்கார்டருக்கு ஜன்னலோரம் கட்டில். எதிர்வீட்டுத் தையல்காரர் வேறு, உங்க பொண்ணு ஊருக்கு வந்திருக்காளா, சுற்றிப் பார்க்க வந்திருக்காளா என்று கேட்டு மானத்தை வாங்கினார். ரேடியோ தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவளைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எதையாவது தூக்கிப் போடு என்று தலைகீழாக நின்று பார்த்தேன். ஒரு வால்வு ரேடியோவைக் காட்டி, இது சூடாகித்தான் பேச ஆரம்பிக்கும், உங்களையும் அப்படித்தானே வச்சிருக்கேன் என்றாள்.

இந்த நேரத்தில்தான் தெருமுனை நூலகத்து அம்மா ஒரு வழி காட்டினார். நூலகத்தின் பின்னறை சும்மா கிடக்கிறது, ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் வைத்து விளக்கிப் பேசுங்கள், வருகிறவர்களுக்குப் பிடித்தால் மொத்தத்தையும் நிரந்தரமாக நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றார். ஒரே நிபந்தனை, உங்களிடம் இருக்கும் அந்தப் பழைய ரிமோட் டிவி ஓட வேண்டும், செத்த பெட்டிகளைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள் என்றார். எனக்கு உன் கட்டில் அந்த நிமிடமே கண்ணில் தெரிந்தது.

அந்த டிவி இருக்கிறதே, அது ஒரு தனிப் பிறவி. அதன் ரிமோட்டுக்கு பேட்டரி கிடையாது. அமுக்கினால் உள்ளே குட்டிச் சுத்தி ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும், நம் காதுக்கு எட்டாத ஓசை ஒன்று கிளம்பும், டிவி அதைக் கேட்டு மோட்டாரால் கடகடவென்று சேனல் குமிழைத் தானே திருப்பும். அதற்கும் முந்தின ரகம் வெளிச்சத்தில் வேலை செய்ததாம், வெயில் பட்டாலே சேனல் மாறுமாம். நம்முடையது வெயிலுக்கு அசையாது, ஆனால் நான் கூடத்தைக் கடந்தால் மாறியது. உங்க முகத்தைப் பார்த்தா அதுக்கே பிடிக்கல என்றாள் அம்மா. பிறகு என்னைக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிட்டு, குதிக்கவிட்டு, கடைசியில் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடித்தாள். கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நான் கழற்றாத கொத்து. அது குலுங்கும் ஓசையிலும் காதுக்கு எட்டாத பங்கு ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை நீங்க அந்தப் பின்னறைக்குள்ள காலை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். கொத்தைக் கழற்றி வையுங்க என்று சொல்லவில்லை, நான் கழற்ற மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை கூட்டமான கூட்டம். நான் வராந்தாவில், திறந்த கதவுக்கு வெளியே செருப்புகளோடு செருப்பாக நின்றேன். அம்மா பிரமாதமாகப் பேசினாள். ஒரு கல்லும் ஒரு கம்பியும் வைத்து, மின்சாரமே இல்லாமல் பாட்டுக் கேட்ட காலத்தில் தொடங்கி, டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ சட்டைப் பைக்குள் புகுந்தது, கேசட் வந்து பாட்டை நாமே பிடித்து வைத்தது, காதில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கியது வரை சொன்னாள். பிறகு ரிமோட்டைத் தூக்கி, இப்ப பாருங்க என்று அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அன்றைக்குப் பார்த்து உடைந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனதை வாசலிலிருந்தே பார்த்தேன். நூலகத்து அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் இடுப்பு ஓடியது. ஒரு குலுக்குக் குலுக்கினேன். கடகடவென்று சேனல் மாறியது. அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் அவள் காது சிவந்தது. அவள் அமுக்க, நான் குலுக்க, கைதட்டல் தாங்கவில்லை. அதோடு விட்டார்களா, ஆளுக்கு ஒரு தடவை அமுக்க வேண்டுமென்று வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கட்டைவிரலையும் பார்த்துப் பார்த்து நான் ஆடினேன். பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவர், சார், உடம்புக்கு முடியலையா, டாக்டரைக் கூப்பிடவா என்றார். எனக்கு ஒரு தும்மல் வந்தது, கொத்து ஏகமாகக் குலுங்கி டிவி அணைந்தே போனது. அதற்கும் கைதட்டினார்கள்.

மொத்தத்தையும் நூலகம் எடுத்துக்கொண்டது. அம்மா ஸ்பிரிங்கை மாற்றிவிட்டாள், இனி நான் ஆட வேண்டியதில்லை. நேற்று மூலை அறையைக் கழுவி விட்டேன். அம்மா வாசற்படியில் நின்று அழுதாள். விடு, சனிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதுக்கில்லைங்க, இவ்வளவு இடம் இருந்திருக்கு, இதை வச்சுக்கிட்டு பிள்ளைய ஹோட்டலுக்கு அனுப்பிட்டேனே என்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை, எனக்கும் கண் கலங்கிவிட்டது. இதை அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள், நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எங்களுக்கு நீங்கள் வேண்டும் மகளே, அவ்வளவுதான்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வரும்போது மறந்தும் அம்மாவுக்கு பிளக் வைத்த பொருள் எதையும் வாங்கி வராதே. இன்று காலை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு ரேடியோ முளைத்திருக்கிறது. உனக்குப் பேச்சுத் துணைக்காம், ஒன்றே ஒன்றுதானாம். இரண்டாவது வருவதற்குள் வந்து சேர்.

உங்கள் வரவுக்காகக் கட்டிலைக் காவல் காக்கும்
அப்பா