ஆறு இறாத்தல் பச்சை உள்ளி

அத்தான்,

நடந்தது எல்லாவற்றையும் நான் முன்னமே சொன்னவன். உலகச் சண்டை தொடங்கினால் கப்பல் நிற்கும் என்று சொன்னேன். கப்பல் நின்றால் கடையில் உள்ளிப்பூடு இராது என்று சொன்னேன். உங்கள் மகளுக்கு, எங்கள் பிள்ளைக்கு, பெண் குழந்தைதான் பிறக்கும் என்பதை, அவள் மசக்கையில் சத்தியெடுத்த சத்தத்தைக் கேட்டே சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் மீசையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, "ஓம் மச்சான், நீ சொல்லாதது ஒண்டும் இந்த ஊரிலை நடக்கிறேல்லை" என்றிருப்பீர்கள். அது புகழ்ச்சி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நான் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வது வழக்கம்.

இன்று காலை உடுவிலுக்குப் போய்ப் பச்சை உள்ளி வாங்கி வந்தேன். நாம் முன்பு வாங்கிய அதே தோட்டம், அதே தோட்டக்காரர். வந்து இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் மணம் போகவில்லை. வேரில் ஒட்டின செம்மண்ணும் ஈரத் தோலும் பச்சை இலைத் தாளும் கலந்த மணம். பண்டத்தரிப்பில் உங்கள் வீட்டுக் குசினியில் நீங்களும் நானும் தராசும் கையுமாக நின்றபோது எங்களைச் சுற்றி நின்ற மணம் அதுதான். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. சந்தேகப்படுவதற்கு எனக்கு நல்ல துணை இல்லாமல் போய் எட்டு மாதம் என்றும் சொல்லலாம்.

நாம் அங்கே உள்ளி வாங்கிய அந்த வருஷம் பிள்ளை முதல் முறையாக முழுகாமல் இருந்தாள். ஆடி மாதம் பெறுமாதம். முதற் பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும்; ஆனியில் புருஷன் வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டும். ஆனால் தாயாகிய என் அக்கா கண்ணை மூடி இரண்டு வருஷம். அக்கா கடைசி நாட்களில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: தாயில்லாப் பிள்ளை என்று அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். நானும் பக்கத்தில் நின்று ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் அப்போது விளங்கவில்லை. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் அரைத்து, உள்ளியைப் பல்லுப்பல்லாக முழுசாய்ப் போட்டு, முப்பத்தொரு நாளும் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி வைக்க வேண்டும் என்பதும், உள்ளி இல்லாவிட்டால் பால் சுரவாது என்று ஊர் முழுவதும் சொல்லும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நான் கலியாணம் கட்டாதவன். நீங்கள் கட்டியும் அடுப்படிப் பக்கம் போகாதவர்.

இந்தியாவிலிருந்து வரும் உள்ளி கடையில் வரவரக் குறைந்துகொண்டிருந்தது. ஆகவே மாசி முடிவில், உடுவிலில் வெங்காயத்துக்கு நடுவே ஒருவர் உள்ளி போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு வண்டி பூட்டிப் போனோம். உள்ளி வாங்குவதில் என்னை ஏமாற்ற வலிகாமத்தில் ஆள் இல்லை. விவசாயக் கந்தோர் துரை ஒருவர் ஒரு முறை என்னிடம்தான் ஆலோசனை கேட்டார். அவர் கேட்டது சங்கானைக்கு வழி என்றாலும், கதை உள்ளிக்கும் வந்தது. நான் மூன்று பூடுகளைப் பிய்த்து மணந்தேன். ஒன்றைப் பச்சையாகக் கடித்துக் கண்ணில் நீர் வராததுபோல நின்றேன். வேர் மண்ணைத் தட்டிப்போட்டு நிறுக்கச் சொன்னேன். இன்னும் தட்டச் சொன்னேன். பிறகு தராசுத் தட்டை மாற்றி நிறுக்கச் சொன்னேன். தோட்டக்காரர் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தார். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. கள்ளமில்லாதவன் என்றால் அந்த இடத்தில் கோபம் வரவேண்டும்.

ஆறு இறாத்தல். நாற்பத்திரண்டு பூடு. ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கைப்பிடி அளவு.

"ஐயா, இது பச்சை. தாளை வெட்டாமல் பிடிபிடியாக் கட்டி, வெய்யில் படாமல் காத்துப் படத் தூக்கி விடுங்கோ. சருகாகும் மட்டும் தொடாதேங்கோ" என்று அவர் சொன்னார்.

வண்டி மானிப்பாய் தாண்டும்போது நான் உங்களிடம் சொன்னேன்: தொடாதே என்று ஒருவன் சொன்னால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டால்தானே பிழை தெரியும். நீங்கள் யோசித்துப் பார்த்து, அதில் நியாயம் இருக்கிறது என்றீர்கள்.

இப்படித்தான் வெள்ளிக்கிழமை நிறுவை தொடங்கியது. குசினி முகட்டு வளையில் ஏழு பிடி தூக்கியிருந்தோம். முதல் வெள்ளி இறக்கி நிறுத்தோம்: ஐந்தரை. அடுத்த வெள்ளி ஐந்தே காலுக்கும் கீழே. நீங்கள் தராசை மாற்றினீர்கள். நான் படிக்கல்லை மாற்றினேன். புதுத் தராசும் அதையே சொன்னது. எலியோ என்று கேட்டீர்கள். எலி உள்ளி தின்றதாக நான் படித்த ஐந்தாம் வகுப்புப் பாடப் புத்தகம் ஒன்றிலும் இல்லை என்று சொன்னேன். ஆறாம் வகுப்பு எனக்குத் தேவையில்லை என்று வாத்தியாரே விட்டுவிட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு எண்ணினோம். பூடு நாற்பத்திரண்டும் இருந்தது. எண்ணிக்கை சரி, நிறை பிழை. அந்த இடத்தில் என் மூளை வேலை செய்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. கள்ளன் கெட்டிக்காரன் என்றேன். பெரிய பூடுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சின்னப் பூடுகளை வைத்துக் கட்டுகிறான். எண்ணினால் பிடிபடாது; நிறுக்கிறவர்களிடம்தான் பிடிபடுவான். நீங்கள் ஒரு பிடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பூடுகள் உண்மையிலேயே சிறுத்துத் தெரிந்தன. "நாங்கள் வாங்கினது உதில்லை, மச்சான்" என்றீர்கள்.

சின்ன உள்ளி ஊரில் யாரிடம் இருந்தது என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பக்கத்து வளவுச் செல்லாச்சி தன் கிணற்றடியில், வாழைக்கும் பூசணிக்கும் நடுவே இரண்டு பாத்தி போட்டிருந்தாள். அக்காவோடு பழகியவள், புருஷன் இல்லாதவள். அக்கா போன பிறகு மத்தியானத்தில் வந்து உங்களுக்கு உலை வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஊரில் பத்துப் பதினைந்து பிள்ளைப்பேறு பார்த்த கை. எங்கள் பிள்ளையையும் அவள்தான் பார்ப்பதாக இருந்தது.

மூன்றாம் வெள்ளி. நாலே முக்கால். நீங்கள் தராசைக் கீழே வைக்காமல் நின்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"நான் தோட்டத்துக்குப் போனால் பகலிலை இந்த வீட்டிலை நிக்கிறது ரண்டே ரண்டு பேர்தான். செல்லாச்சியும் நீயும்."

இருபது வருஷம் ஒரு இலையில் சாப்பிடாத குறையாகப் பழகியவர்கள் நாங்கள். எனக்குக் காது சுட்டது.

அப்போதுதான் நான் கண்டதைச் சொன்னேன். அதற்கு முதல் நாள் மத்தியானம் நான் வேலியடியில் நின்றேன். செல்லாச்சி குசினிப் பக்கத்தால் வந்தாள். பாக்குநிறச் சேலை. இடுப்பு மடி புடைத்திருந்தது. ஒரு கையால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வேலிக் கதியால் இடைவெளியால் தன் வளவுக்குள் போனாள். குனிந்தபோது மடிக்குள்ளிருந்து உள்ளி வேர் வெள்ளையாக ஒரு கொத்து வெளியே தெரிந்தது. இதை நான் சொல்லச் சொல்ல உங்கள் முகம் மாறியது. என் மேலிருந்த பார்வை விலகி வேலிக்குப் போனது. அந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

அடுத்த நாள் அவள் உலை வைக்க வந்தபோது நீங்கள் வாசல் படலையிலேயே மறித்தீர்கள்.

"செல்லாச்சி, இனி நீ இஞ்சை வரத் தேவையில்லை. பிள்ளைப்பேறையும் நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

"ஏன் அண்ணை, என்னிலை ஏதும் பிழையோ?"

"உன்ரை மடியைக் கேள்."

அவள் தன் மடியைக் குனிந்து பார்த்தாள். வெறும் சேலை. கையால் ஒரு முறை தடவினாள், அதில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்பதுபோல. பிறகு உங்களைப் பார்த்தாள், உங்களுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். ஒரு சொல் ஏசவில்லை. அதையும் நான் உங்களுக்குக் குற்றமாகவே காட்டினேன். குற்றமில்லாதவள் என்றால் சத்தம் போட்டிருப்பாளே என்றேன். தோட்டக்காரருக்குச் சொன்ன அதே நியாயம்.

அதன் பிறகு உள்ளி முழுவதையும் தாளை வெட்டி, உங்கள் றங்குப்பெட்டியில் அடுக்கி, மேலே சாக்குப் போட்டு, பூட்டித் திறப்பை உங்கள் அரைஞாணில் கட்டினீர்கள். பூட்டுகிற யோசனை என்னுடையது. கொழும்பில் வங்கியில் இப்படித்தான் வைப்பார்கள் என்று சொன்னேன். நிறுக்க வேண்டாம், திறந்தால் கண் படும் என்றும் சொன்னேன்.

ஆனி கடைசியில் மணம் வந்தது. முதலில் செத்த எலி என்று பெட்டிக்குப் பின்னால் தேடினோம். திறந்தபோது மேல் அடுக்கு பச்சைப் பூஞ்சணம். அடுத்தது கறுத்த தூள். அடியில் இருந்தவை முளைத்து, விரல் வைத்தால் உள்ளே போகும் பதம். நாலைந்து பல்லைப் பொறுக்கி வெய்யிலில் வைத்தீர்கள், அதுவும் சுருண்டது. சுன்னாகம், சங்கானை, பெரியகடை எல்லாம் நடந்தோம். கிடைத்தது ஒரு சிறங்கை, அதிலும் பாதி சொத்தை.

ஆடி பதினொன்றில் பிள்ளை பெற்றாள். பெண். கூலிக்குப் பேசிக்கொண்டு வந்த மனுசி முதல் இரண்டு நாளிலேயே அந்தச் சிறங்கையை முடித்துவிட்டாள். மூன்றாம் நாள் குழந்தை விடாமல் அழுதது. நீங்களும் நானும் அறைக்கு வெளியே நின்றோம். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எங்களுக்குக் கேட்கும்படியோ கேட்காதபடியோ, "அம்மா இருந்திருந்தா இப்பிடி விடுவாவே" என்றாள். அக்காவுக்கு ஆட்டிய தலை இரண்டும் அன்று குனிந்தே நின்றன.

நாலாம் நாள் காலையில் படலைக் கட்டையில் ஒரு ஓலைக் கடகம் தொங்கியது. உள்ளே காய்ந்த உள்ளி, தாளோடு பின்னிய நாலு பிடி. சின்னச் சின்னப் பூடு. கடற்சோகிபோல வெள்ளை, கல்லுப்போல இறுக்கம். ஒன்றில்கூடப் பழுது இல்லை. அது எந்தக் கிணற்றடி உள்ளி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நீங்கள் கடகத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோனீர்கள். "எடுத்ததைத் திருப்பித் தந்திருக்கிறாள். மனச்சாட்சி சுட்டிருக்குது" என்றீர்கள். நான் ஓம் என்றேன்.

பிள்ளை முப்பத்தொரு நாள் முடியும் வரை அதைத் தின்றாள். குழந்தைக்கு இப்போது மூன்று வயது, என்னைப்போல வாய். நீங்கள் கடைசி வரை செல்லாச்சியோடு கதைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவள் படலைக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாள். யார் வீட்டுக்குப் போனாலும் திரும்பும்போது வாசலில் நின்று சேலை மடியை அவிழ்த்து உதறிவிட்டுத்தான் அவள் படியிறங்குவாள். ஊரார் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று காலை உடுவிலில் நான் தராசுத் தட்டை மாற்றச் சொன்னபோது தோட்டக்காரர் முதல் முறையாகச் சிரித்தார். "ஆறு இறாத்தல் எண்டு எழுதி வையாதேங்கோ ஐயா. தண்ணி வத்தினால் நாலரைதான் நிக்கும். பூடும் சிறுக்கும். பச்சை உள்ளியெண்டால் அப்பிடித்தான்" என்றார். அது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். மானிப்பாய் வரையும் உள்ளிக் கொத்து ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரன் எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டான்.

கள்ளி அவள்தான் என்று இவ்வளவு காலமும் நானும் நம்பினேன், அத்தான். நடந்த களவுக்கு நான் ஒரு சாட்சி சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். களவே இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. இனி என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சாட்சி மட்டும்.

அன்று மத்தியானம் நான் வேலியடியில் நிற்கவில்லை. உங்கள் விறாந்தையில் பாய் விரித்து நித்திரையாயிருந்தேன். செல்லாச்சி எந்தச் சேலை உடுத்திருந்தாள், எப்போது போனாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் மடியை நான் காணவில்லை.